வாசனையை விழுங்கிய புல்

அந்தக் காலத்தில் வாய் இருந்தவையும் பேசின, வாய் இல்லாதவையும் பேசின. ஆறு பேசியது, மணல் பேசியது. வழியில் கிடக்கும் கூழாங்கல்லை யாராவது மிதித்தால், "கீழ பாத்து நடங்க" என்று அதுவும் ஒரு வார்த்தை சொல்லும். தேவைக்கு மேல் பேசியவர்கள் அப்போதும் மனிதர்கள்தான்.

வாசனை எல்லாம் அப்போது பூக்களிடம் இருந்தது. மல்லிகைக்கு ஒரு பங்கு, தாழைக்கு ஒரு பங்கு, மகிழம்பூவுக்கு ஒரு பங்கு. ஆனால் இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் வாசனை ஒரு புல்லிடம் இருந்தது. ஆற்றங்கரை மணலில் ஆள் உயரத்துக்கு வளரும் புல். அதன் உச்சியில் ஊதா நிறத்தில் கதிர் கதிராகப் பூ வரும். அந்தப் பூ விரிந்தால் கடலில் வலை போட்டுக்கொண்டிருப்பவர்கள் கூட ஒரு நிமிடம் கையை நிறுத்திவிட்டுக் கரையைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தப் புல்லுக்குப் பெயர் கிடையாது. கரையில் இருந்த தாழை ஒருமுறை கேட்டது: "எல்லாருக்கும் ஒரு பேர் இருக்கு. உனக்கு ஒண்ணு வச்சுக்கக் கூடாதா?"

"பேரா? எனக்கா?" என்று புல் சிரித்தது. "நான் இருக்கிற எடம் ரெண்டு காதத்துக்குத் தெரியுது. பேர் வேணுங்கிறது தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவங்களுக்குத்தான்."

தாழைக்கு முகம் சுருங்கிவிட்டது. புல்லின் தலைக்கனம் அப்படி. அதன் விதைகள் காற்றில் ஏறி நினைத்த இடத்தில் முளைக்கும். அதன் வேர் என்று பார்த்தால் மேலாக ஒரு விரல் நீளம். ஊன்றி நிற்க வேண்டிய அவசியம் அதற்கு என்ன இருந்தது?

அந்தப் புல் வளர்ந்த இடம் ஓர் ஆறு கடலில் சேரும் முகம். அங்கே நாற்பது குடிசைகள் இருந்தன. முன்னால் ஆறு, பின்னால் உப்பு. உப்பு என்றால் உப்பங்கழி. கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும் கருப்புச் சேறு, ஒரு பச்சை இலை முளைக்காத மண். இந்த இரண்டுக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு மணல் துண்டு. அதில்தான் நாற்பது குடும்பமும் இருந்தது.

முதலில் அந்தத் துண்டு அகலமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் ஆறு ஏறி வந்து கரையைக் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகும். மக்கள் குடிசையைப் பிரித்துப் பின்னால் தள்ளிக் கட்டிக்கொள்வார்கள். இப்படி ஆறு தடவை தள்ளியாகிவிட்டது. இனித் தள்ளினால் உப்புதான்.

கொற்றி என்ற பெண் அங்கே இருந்தாள். ஊற்று தோண்டுவது அவள் வேலை. கோடையில் ஆறு வற்றியதும் மணலில் காதை வைத்துப் பார்த்து, "இங்க தோண்டுங்க" என்பாள். இரண்டு முழம் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும். அவள் காட்டிய இடத்துக்கு ஒரு முழம் தள்ளித் தோண்டினால் உப்புக் கரிக்கும். கையில் எப்போதும் ஒரு கடப்பாரை. இரண்டு பெண் குழந்தைகள். அவள் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது மீன் நீந்திக்கொண்டிருந்தது. அந்த ஓரமாகப் போகும்போதெல்லாம் அவள் தண்ணீருக்குள் ஒரு பார்வை பார்ப்பாள். சமையல் கட்டு எது, தூங்கிய இடம் எது என்று அவளுக்கு இன்னும் தெரியும்.

அவளுடைய தாய்மாமன் பூதன்தான் ஊருக்குப் பெரியவர். நல்ல மனிதர், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். முதல் வருடம் மழைக்கு முன்னால் தண்ணீர் கொஞ்சம் கலங்கி இரைந்ததுமே, ஆற்றுக்குக் கோபம் வந்துவிட்டது என்று அவர் முடிவு செய்துவிட்டார். கோபத்தைத் தணிக்க என்ன செய்யலாம்? இருப்பதிலேயே நல்லதைக் கொடுக்கலாம். இருப்பதிலேயே நல்லது எது? புல்லின் பூ.

அதனால் மழைக்கு முன்னால் ஊர்ப் பெண்கள் எல்லாரும் பூக்கதிர்களை அறுத்து, கட்டுக் கட்டாக ஆற்றில் விடுவார்கள். பூச்சாத்து என்று அதற்குப் பெயர். குலவையிட்டு, கும்பிட்டு, ஈரத் துணியோடு திரும்புவார்கள். அந்த வருடமும் ஆறு வரும். "போன தடவ பத்தல போல" என்பார் பூதன். அடுத்த வருடம் இரண்டு மடங்கு பூ. ஆறும் இரண்டு மடங்கு உள்ளே வரும். "இன்னும் பத்தல" என்பார். இப்படி ஆறு வருடம். கும்பிடுகிற கையால் குழி பறித்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாதது குற்றமும் இல்லை. பயந்தவர்கள் கொடுக்கத்தான் பார்ப்பார்கள், கேட்கப் பார்க்கமாட்டார்கள்.

கேட்டது ஒரு மீன்கொத்தி.

மீன்கொத்திக்கு வீடு கரையில்தான். மண் சுவரில் பொந்து குடைந்து முட்டை வைக்கும். வருடா வருடம் கரையோடு பொந்தும் போய்விடும். ஏழாவது வருடம் புரட்டாசி மாதம் ஒரு நாள் காலையில், கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போன கொற்றியின் முன்னால் அது வந்து உட்கார்ந்தது.

"கொற்றியக்கா, இந்த வருசமும் பூப் போடப் போறீங்களா?"

"ஆமா. மாமா இந்தத் தடவ மூணு மடங்குன்னு சொல்லிட்டாரு."

"போடுங்க, போடுங்க. நல்லாப் போடுங்க. நானும் மூணு மடங்கு தள்ளிப் பொந்து தோண்டிக்கிறேன்" என்றது மீன்கொத்தி. "நான் நாள் பூரா ஆத்துத் தலைமேலயே உக்காந்திருக்கேன். அது கோவத்துல ஒரு வார்த்த பேசி நான் கேட்டதில்ல. நீங்க ஒரு தடவ அதுகிட்டயே போய்க் கேட்டா என்ன? வாய் இல்லாதவங்களா நீங்க?"

கொற்றிக்குச் சுருக்கென்றது. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு நேரே ஆற்றில் இறங்கினாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டாள்.

"தாயே, நாங்க என்னா தப்பு பண்ணினோம்? எதுக்கு எங்க மேல கோவம்?"

ஆறு சுழித்துக்கொண்டு அவளைச் சுற்றி வந்தது. "கோவமா? யார் சொன்னது?"

"பின்ன ஏன் வருசா வருசம் கரையத் திங்கிற?"

ஆற்றின் குரலில் வெட்கம் இருந்தது. "பொண்ணே, நான் மலையிலேருந்து வரேன். வழியெல்லாம் எனக்குக் குடுக்கிறது என்னா தெரியுமா? செத்த மாடு. சுடுகாட்டுச் சாம்பல். அழுக்குத் துணி. எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு ஓடி வரேன். வந்து சேர்ற கடைசி எடத்துல நீங்க மட்டும்தான் எனக்கு ஒரு வாசனையக் குடுத்தீங்க. ஒரு கட்டுப் பூ. அது ஒரு மூச்சுக்குள்ள கடலுக்குப் போயிடுது. இன்னொரு மூச்சு வேணும்னு இருக்கு. அதான் அது வர்ற எடத்தத் தேடி மேல ஏறி வரேன்."

"நீ ஏறினா எங்க வீடு போகுதே!"

"தெரியும்" என்றது ஆறு. "வந்தா நிக்கணும்னுதான் நெனைக்கிறேன். நிக்க எனக்குத் தெரியாது. ஓடத்தான் தெரியும்."

கொற்றி அப்படியே நின்றாள். இடுப்பைச் சுற்றி ஓடிய அந்தத் தண்ணீர் மீது அவளுக்குப் பரிதாபமாக இருந்தது. அதே சமயம் பயமும் வந்தது. கோபம் என்றால் தணிக்கலாம். இதற்கு என்ன செய்வது?

கொற்றி கரையேறிச் செய்தியை ஊருக்குச் சொன்னாள். பூதன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆறு வருடமாக நாமேதான் அதைக் கூப்பிட்டு அழைத்திருக்கிறோம் என்பதை ஒரு மனிதர் விழுங்குவதற்கு நேரம் ஆகும். எழுந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது.

"அப்ப அந்தப் புல்லு இருக்கிற வரைக்கும் நமக்கு விடிவு இல்ல. நாளைக்கே வேரோட பிடுங்கிக் கடல்ல வீசிடுவோம். ஒரு துரும்பு மிஞ்சக் கூடாது."

"மாமா, ஒரு நாள் பொறுங்க" என்றாள் கொற்றி. "இது தெரிஞ்சிருந்தா அது இப்படிப் பூத்திருக்காது. அதுகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்."

புல் வழக்கம்போல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கொற்றி எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் புல் சிரித்தது. "ஆறு எனக்காக ஏறி வருதா? இத முன்னாலயே சொல்லியிருக்கலாமே, தாழைகிட்டச் சொல்லியிருப்பேன்!" கொற்றி சிரிக்கவில்லை. அவள் தன் பிறந்த வீடு இருந்த பக்கம் கையைக் காட்டினாள். "அங்க என் அம்மா படுத்திருந்த பாய் கூடப் போச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

புல்லின் ஆட்டம் மெதுவாக நின்றது. காற்று அடித்தும் அது ஆடவில்லை. பிறகு கேட்டது: "நாளைக்குப் பிடுங்கிப் போட்டா ஆறு நின்னுடுமா?"

"தெரியல. கடல்ல போட்டா கடல்பக்கம் தேடும். உன் விதை எங்கெங்க விழுந்திருக்கோ அங்கெல்லாம் தேடும்."

"என்னைக் கொன்னாலும் வாசனை சாகாது, கொற்றி. அது எனக்கு முன்னால இருந்தது. எங்கயாவது ஒளிச்சு வைக்கத்தான் முடியும். மேல விட்டா காத்து தூக்கிக்கிட்டுப் போயிடும்."

"கீழ?"

"கீழ இதுவரைக்கும் ஒரு வாசனையும் போனதில்ல" என்றது புல். "அங்க வெளிச்சம் இல்ல. பாக்க ஆள் இல்ல. நான் இருக்கேன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

தலைக்கனம் பிடித்தது என்று அந்தப் புல்லை நானும் மேலே திட்டிவிட்டேன். ஆனால் அது அடுத்துச் சொன்னதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. "மூணு நாள் குடுக்கச் சொல்லு" என்றது அது.

பூதன் முணுமுணுத்துக்கொண்டே மூன்று நாள் கொடுத்தார்.

முதல் நாள் புல் தன் வாசனையை ஒரு மிடறு விழுங்கியது. அந்தக் கனம் தாங்காமல் விரல் நீள வேர் ஒரு முழம் கீழே இறங்கியது. மணல், "யாரது, யாரது" என்று கேட்டுக்கொண்டே வழிவிட்டது. இரண்டாம் நாள் இன்னும் விழுங்கியது. வேர் இடுப்பளவு ஆழம் போனது. பக்கவாட்டில் பரவினால் மேலே தெரிந்துவிடும் என்பதால் நேராகவே போனது, கொத்தனார் தூக்குக் குண்டு கட்டி இறக்கியதைப் போல. ஒரு வேர் இல்லை, நூறு வேர், ஆயிரம் வேர். ஒவ்வொன்றும் தலைமுடி கனம்தான். ஒவ்வொன்றிலும் ஒரு துளி வாசனை. மேலே பூவின் மணம் குறைந்துகொண்டே வந்தது. இரண்டாம் நாள் மாலை மல்லிகை பேச்சை நிறுத்திவிட்டது. தாழை தலையைக் குனிந்துகொண்டது. ஊரில் பெண்கள் வாசலுக்கு வந்து மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். ஒருத்தி காரணம் தெரியாமல் அழுதாள்.

மூன்றாம் நாள் காலையில் கொற்றி போனபோது வாசனை ஒரு நூலளவு மிஞ்சியிருந்தது. புல்லின் குரலும் அந்த அளவுக்குத்தான் வந்தது.

"கொற்றி, பேசினா மூச்சு வருது, மூச்சோட வாசனை வருது. அதனால பேச்சையும் சேத்து விழுங்கப் போறேன். அதுக்கு முன்னால ரெண்டு விசயம். என் உயிர் வாசனையிலதான் இருந்தது. அது கீழ போயிட்டதால இனிமே பூ பூக்கும், விதை முளைக்காது. நான் தானா ஒரு எடத்துக்குப் போக முடியாது."

"ஐயோ, அப்ப உன் குலம்?"

"அதான் ரெண்டாவது. ஆறு வந்து போய், கோடை பொறந்ததும் என்னை வெட்டு. பயப்படாத. என்னை வெட்டினாத்தான் நான் பொழைப்பேன். எப்படின்னு வெட்டும்போது உனக்கே தெரியும். சத்தியம் பண்ணு."

கொற்றி புல்லின் அடித்தூரில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். புல் கடைசி மிடறை விழுங்கியது. அதற்குப் பிறகு அங்கே இருந்தது வெறும் புல்தான். மாடு கூடத் திரும்பிப் பார்க்காத புல்.

ஐப்பசி பிறந்து பன்னிரண்டாம் நாள் பொழுது விடியும்போது ஆறு வந்தது. முந்தின ஆறு வருடமும் வந்ததை எல்லாம் சேர்த்தாலும் அந்த வரவுக்கு ஈடாகாது. மூன்று மடங்கு பூவை எதிர்பார்த்து வந்த ஆறு அது. மரங்களைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தது. நாற்பது குடும்பமும் உப்பங்கழியின் ஓரத்தில் போய் ஒண்டிக்கொண்டு நின்றது. அதற்கும் பின்னால் போக இடம் இல்லை. கொற்றி இரண்டு பெண்களையும் இரண்டு கையில் பிடித்திருந்தாள்.

ஆறு கரையில் மோதியது. "எங்க?" என்று கேட்டது. பூக்கதிர்களை எல்லாம் தண்ணீருக்குள் வளைத்து முகர்ந்து பார்த்தது. ஒன்றிலும் ஒன்றும் இல்லை. "எங்க? எங்க போச்சு?" கரையின் மண்ணைக் கைகளால் வாரியது. மேல்மண் ஒரு சாண் கரைந்து போனது. அதற்குப் பிறகுதான் அந்த ஊர் அதுவரை பார்க்காததைப் பார்த்தது. கரைந்த மண்ணுக்குப் பின்னால் கரை முழுவதும் ஒரு திரை தொங்கியது. மேலிருந்து கீழ் வரை, கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஆயிரமாயிரம் மெல்லிய வேர்கள். ஒவ்வொரு வேரும் ஒவ்வொரு பிடி மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆறு இழுத்தது. வேர் விடவில்லை. மரங்களைப் பிடுங்கி வந்த ஆற்றால் தலைமுடி கனமுள்ள ஒரு புல் வேரைப் பிடுங்க முடியவில்லை.

பூதன் அவரை அறியாமல் மண்டியிட்டார். பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராக மண்டியிட்டார்கள்.

ஒரு பகல் முழுவதும் ஆறு தேடியது. பொழுது சாயும்போது ஓய்ந்துபோய்த் தன் படுகைக்குள் இறங்கியது. மீன்கொத்தி தன் பொந்துக்குள் போய்ப் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டே வெளியே வந்தது. பொந்து அப்படியே இருந்தது.

ஊர் பிழைத்தது. ஆனால் ஆற்றுக்கு மனம் உடைந்துவிட்டது. பங்குனியில் கொற்றி மணலில் காது வைத்தபோது அடியில் இருந்து சத்தமே வரவில்லை. தோண்டினால் தண்ணீர் வந்தது, ஆனால் கசந்தது. வாயில் வைத்த குழந்தைகள் துப்பின. நல்ல ஊற்று என்று ஒன்று கூட இல்லை. ஆறும் யாருடனும் பேசவில்லை.

கரையில் புல்லுக்கும் வேளை வந்துவிட்டது. தூரின் நடுப்பகுதி காய்ந்து பழுப்பேற ஆரம்பித்தது. காற்றில் போன விதை எதுவும் எங்கேயும் முளைக்கவில்லை. இன்னும் ஒரு வருடம், இரண்டு வருடம். அதற்குப் பிறகு புல் இருக்காது. புல் இல்லாவிட்டால் கரை இருக்காது.

கொற்றி கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனாள். பூதன் குறுக்கே வந்து நின்றார். இப்போது அவர் அந்தப் புல்லைத் தினமும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார் என்று சொன்னேனே.

"என்னா காரியம் பண்ற புள்ள? நம்மளப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற கைய வெட்டுவியா?"

"அது கேட்டுச்சு மாமா."

"நான் கேக்கலையே! ஊரு கேக்கலையே! நீ சொல்றது தப்பாப் போச்சுன்னா? ஒரு தூரு போனா அந்த எடத்துல ஆறு நுழையாதா?"

"நுழையும்" என்றாள் கொற்றி. "எனக்கும் பயம்தான் மாமா. ஆனா சத்தியம் பண்ணியிருக்கேன். ஒரே ஒரு தூரு. தப்பாப் போனா அந்தக் குழியில என்னையே வச்சு மூடிடுங்க."

பூதன் ஒதுங்கி நின்றார்.

கொற்றி கடப்பாரையை ஓங்கிப் போட்டாள்.

முதல் குத்திலேயே வந்துவிட்டது. வந்தது முன்பு காற்றில் திரிந்த அந்த வாசனை இல்லை. அது இருட்டுக்குள் இருந்து ஊறிய வாசனை. அதில் ஈர மண் இருந்தது, மழை இருந்தது, வைரம் பாய்ந்த மரம் இருந்தது. முன்பு அது மூக்கோடு நின்றது. இப்போது நெஞ்சுக்குள் இறங்கிக் குளிர்ந்தது. கொற்றி கடப்பாரையைப் பிடித்தபடியே அழுதாள். ஊர் முழுவதும் வந்து சுற்றி நின்றது. நின்றவர்கள் அப்படியே மணலில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தைகள் அழுகையை நிறுத்தின. வாசனை இவ்வளவு பெரியது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. பூவில் இருந்தபோது அது தன்னைக் காட்டிக்கொண்டிருந்தது. வேருக்குப் போன பிறகுதான் அது வளர்ந்திருக்கிறது.

ஆள் உயரக் குழி தோண்டித் தூரை முழுதாக எடுத்தாள். எடுத்ததும் புல் சொன்னது போலவே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கீழே தொங்கிய வேரை வெட்டித் தனியே வைத்தாள். மேலே இருந்த புல்தாளை ஒரு சாணுக்கு நறுக்கினாள். நடுத் தூரைக் கையால் பிரித்தாள். அது தானாகவே பிரிந்தது, ஏழு நாற்றாக. ஏழையும் அதே குழியின் ஓரமாக நட்டு மண் தள்ளி மிதித்தாள். நாலாவது நாள் ஏழிலும் பச்சை எட்டிப் பார்த்தது. சாக இருந்த ஒன்று ஏழாகியிருந்தது.

மிச்சம் வெட்டிய வேர் இருந்தது. அதை என்ன செய்வது என்று புல் சொல்லவில்லை. கொற்றி அதை அலசி, வீட்டுக்குக் கொண்டுபோய், கசப்புத் தண்ணீர் இருந்த பானைக்குள் போட்டாள். ஏன் போட்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆற்றில் இடுப்பளவு நின்றபோது வந்த அந்தப் பரிதாபம் அவளிடம் இன்னும் மிச்சம் இருந்திருக்க வேண்டும்.

பானைத் தண்ணீர் லேசாகச் சுழன்றது. பிறகு ஆற்றின் குரல் கேட்டது, ஒரு பானை அளவுக்குச் சின்னதாக.

"அட, இங்கயா இருந்தே?"

சுழன்ற தண்ணீர் மெதுவாகி, மெதுவாகி, நின்றது. மலையிலிருந்து புறப்பட்ட நாளிலிருந்து ஓடிக்கொண்டே இருந்த ஆறு, அன்றைக்குத்தான் அந்தப் பானைக்குள் முதன்முதலாக நின்றது. அதன் பிறகு அது மனிதர்களிடம் பேசவில்லை. பேச வேண்டிய குறை அதற்கு இல்லாமல் போய்விட்டது. கொற்றி ஒரு குவளை மொண்டு பெரிய மகளுக்குக் கொடுத்தாள். குழந்தை மடமடவென்று குடித்துவிட்டு, "இன்னும்" என்று குவளையை நீட்டியது. தண்ணீர் இனித்தது.

மாலையில் பூதன் வந்தார். வாசலில் தயங்கி நின்று கேட்டார். "இதுக்கு ஒரு பேர் வைக்கணுமே, கொற்றி. முன்னாடி அது வேணாம்னுச்சு. இப்ப அது இருக்கிறதே வெளிய தெரியல. பேர் இல்லன்னா நமக்குப் பின்னால வர்றவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

கொற்றிக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. பூவின் அழகைச் சொல்லும் பெயர் வைத்தால் பூவைப் பறிப்பார்கள். கடவுள் பெயர் வைத்தால் தொடாமல் கும்பிட்டுக் கும்பிட்டே சாக விட்டுவிடுவார்கள். என்ன செய்தால் அது பிழைக்குமோ அதையே பெயராக வைத்தாள். "வெட்டிவேர்" என்றாள். "இந்தப் பேரக் கேட்டா எவனுக்கும் செய்ய வேண்டியது தெரிஞ்சிடும் மாமா. இதுக்கு விதை இல்ல. இந்தப் பேர்தான் இனிமே இதுக்கு விதை. இது யார் கைக்குப் போனாலும் பேரையும் சேத்துக் குடுக்கணும். பேர மாத்தக் கூடாது."

ஊர் அப்படியே செய்தது. வண்டிக்காரருக்கு வேரைக் கொடுத்தவர்கள் பெயரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வண்டிக்காரர் கப்பல்காரரிடம் சொன்னார். கப்பல்காரர் கடல் தாண்டினார். அந்தக் கரையில் இருந்தவர்கள் எதற்கும் தங்கள் மொழியில் ஒரு பெயர் வைத்துவிடும் கெட்டிக்காரர்கள். ஆனால் அந்த வேரை முகர்ந்ததும் அவர்களுக்கு வாயில் சொல் வரவில்லை. "இது பேர் என்ன?" என்று திருப்பிக் கேட்டு, கேட்டதையே வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர் நாக்கில் ஏறி, ஆங்கிலேயரின் தடித்த அகராதியில் போய் இறங்கியது அந்தச் சொல். அங்கே கடைசிப் பக்கங்களுக்குப் பக்கத்தில் 'வெட்டிவர்' என்று கொஞ்சம் கொன்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துப் பேசுகிறவர்கள் அங்கே அதிகம் இல்லை. அபூர்வமாக யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்தால், ஒரு வாசனை வேரின் பெயர் என்று படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அது கடப்பாரை பிடித்த ஒரு பெண் செய்த சத்தியம் என்று அவர்களுக்குத் தெரியாது.

தெரியாவிட்டால் என்ன. பெயர் போன இடமெல்லாம் புல்லும் போய் வேர் விட்டது.

அன்று முதல்தான் வெட்டிவேருக்குப் பூவில் மணம் இல்லை, விதையில் முளை இல்லை, மணம் வேரிலும் முளை தூரிலும் இருக்கின்றன. அன்று முதல்தான் அதை வெட்டுகிறவர்கள் வெட்டிய இடத்திலேயே நாற்றை நட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அன்று முதல்தான் கோடையில் புதுப்பானையில் ஒரு பிடி வேரைப் போட்டுவைத்தால், எந்த ஆற்றுத் தண்ணீரும் அதைச் சுற்றி ஓசையில்லாமல் நின்றுவிடுகிறது.